விண்மீனே இல்லாத கேலக்ஸிகளில்தான் பிரபஞ்சத்தின் காணாமல்போன பொருள் ஒளிந்திருக்கிறதா?

இல்லை. விண்மீன் இல்லாத கேலக்ஸிகள் இருக்கின்றன என்று நம்ப இப்போது நல்ல காரணம் உண்டு. காணாமல்போன சாதாரணப் பொருளும் பெரும்பாலும் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ஆனால் அந்தப் பொருள் அந்தக் கேலக்ஸிகளுக்குள் கிடைக்கவில்லை, கிடைக்கவும் வழியில்லை. செய்திகளில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால் வரும் குழப்பம் இது. இந்த இரண்டு தேடல்களையும் வெகுகாலமாக ஆர்வத்தோடு பின்தொடர்ந்து வருகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், காணாமல்போனது எது? பிரபஞ்சத்தில் உள்ளதில் ஏறத்தாழ 68 சதவீதம் இருண்ட ஆற்றல், 27 சதவீதம் கரும்பொருள். இரண்டும் எதனால் ஆனவை என்று இன்னும் யாருக்கும் தெரியாது. மிச்சமிருக்கும் 5 சதவீதம்தான் புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான்களால் ஆன சாதாரணப் பொருள். நாம், பூமி, சூரியன், விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் வாயு எல்லாம் இதற்குள் அடக்கம். நீங்கள் கேட்டிருக்கும் ஓட்டை இந்த 5 சதவீதத்துக்குள்ளே விழுந்தது. கரும்பொருள் வேறு விவகாரம்.

எண்ணிப் பார்க்காமலே மொத்தம் 5 சதவீதம் என்று எப்படிச் சொல்கிறார்கள்? இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பெருவெடிப்புக்குப் பிந்தைய முதல் சில நிமிடங்களில் டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் உருவானது. அப்போது சாதாரணப் பொருள் எவ்வளவு நெருக்கமாக இருந்ததோ அவ்வளவுக்கு அந்த டியூட்டீரியம் எரிந்து ஹீலியமாகியிருக்கும். ஆகவே இன்று மிஞ்சியிருக்கும் டியூட்டீரியத்தை அளந்தால் அன்றைய பொருளின் அளவு தெரிந்துவிடும். தொலைதூரக் குவாசர்களின் (கருந்துளையால் மிகப் பிரகாசமாக ஒளிரும் கேலக்ஸி மையங்கள்) ஒளி பழைய வாயு மேகங்களைக் கடந்து வரும்போது அதன் நிறமாலையில் இதை அளக்கிறார்கள். இரண்டாவது வழி, பெருவெடிப்புக்கு 3,80,000 ஆண்டுகள் கழித்துக் கிளம்பி இன்றும் எல்லாத் திசையிலிருந்தும் வரும் ஒளியான நுண்ணலைப் பின்னணி. அதில் பதிந்திருக்கும் ஒலியலைகளின் ஏற்ற இறக்கத்தை டபிள்யூமேப், பிளாங்க் செயற்கைக்கோள்கள் அளந்தன. ஒன்று அணுக்கரு இயற்பியல், மற்றொன்று ஒலியலை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு வழியிலும் ஒரே விடைதான் வந்தது: இன்றைய பிரபஞ்சத்தில் சராசரியாக 4 கன மீட்டருக்கு ஒரு புரோட்டான்.

மொத்தம் தெரிந்துவிட்டது, இனி இருப்பைச் சரிபார்க்க வேண்டியதுதானே? 1998இல் ஃபுகுகிடா, ஹோகன், பீபிள்ஸ் மூவரும் அப்படி ஒரு பட்டியல் போட்டார்கள். எல்லா விண்மீன்களையும் சேர்த்தால்கூட சாதாரணப் பொருளில் பத்தில் ஒரு பங்கு தேறவில்லை. கேலக்ஸிகளுக்குள் இருக்கும் குளிர்ந்த வாயு, கேலக்ஸிக் கொத்துகளை நிறைத்திருக்கும் சூடான வாயு, நிறமாலையில் தெரியும் மேகங்கள் என ஒவ்வொன்றாகச் சேர்த்த பிறகும், 2012 வாக்கில் சுமார் 30 சதவீதத்துக்குக் கணக்கு வரவில்லை.

கண்ணுக்குத் தெரியாத கேலக்ஸிகள் மீது சந்தேகம் போனது இயல்புதான். அந்தச் சந்தேகத்துக்கு மரியாதையான வரலாறும் உண்டு. 1976இல் மைக் டிஸ்னி என்ற வானியலாளர் ஒரு வாதம் வைத்தார். இரவு வானமே கொஞ்சம் ஒளிர்கிறது. அந்த ஒளியைவிட மங்கலாகப் பரந்து கிடக்கும் கேலக்ஸிகளை நம் படங்கள் தவறவிட்டிருக்கும். நாம் காண்பது இருப்பவற்றை அல்ல, எளிதில் தென்படுபவற்றை மட்டும் என்றார். பத்து ஆண்டுகளில், 1986இல், மாலின் 1 கிடைத்தது. நம் பால்வெளியைவிடப் பல மடங்கு அகலமான, ஆனால் படத்தில் இருப்பதே தெரியாத அளவுக்கு மங்கிய கேலக்ஸி. அப்படியானால் விண்மீனே இல்லாமல் வாயுவும் கரும்பொருளும் மட்டுமாக ஒன்று ஏன் இருக்கக் கூடாது?

அதைத் தேட ஒளி வேண்டியதில்லை, ஹைட்ரஜன் போதும். நடுநிலை ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரானின் சுழற்சித் திசை புரளும்போது 21 செ.மீ. அலைநீளத்தில் ஒரு ரேடியோ அலை வெளிப்படும். தனி ஒரு அணுவில் இது தானாக நிகழ ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆனால் மேகத்தில் அணுக்கள் எண்ணிலடங்காதவை என்பதால் சிக்னல் நில்லாமல் வந்துகொண்டே இருக்கும். இதில் முக்கியமானது, இந்த முறைக்கு விண்மீன் இருக்கிறதா இல்லையா என்ற கவலையே கிடையாது. வானத்தை வரிசையாகத் துழாவி ஹைட்ரஜன் எங்கெல்லாம் இருக்கிறதோ அதையெல்லாம் குறித்துக்கொண்டு, பிறகு அந்த இடங்களின் ஒளிப்படத்தைப் பார்த்தால் போதும். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி நடத்திய ஹிபாஸ் ஆய்வு 4,315 இடங்களைக் குறித்தது. தனித்து நிற்கும் இருண்ட கேலக்ஸி என்று உறுதியாகச் சொல்லும்படி அவற்றில் ஒன்றுமில்லை. புவெர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கி நடத்திய அல்ஃபால்ஃபா ஆய்வில் 30,000க்கும் மேற்பட்டவை கிடைத்தன. ஒளிப்படத்தில் அதே இடத்தில் கேலக்ஸி எதுவும் தெரியாதவை அதில் மிகச் சிலவே. அவற்றிலும் பெரும்பாலானவை பக்கத்துக் கேலக்ஸிகள் உரசியபோது பிய்ந்து வந்த வாயு.

'இல்லை' என்று நான் அடித்துச் சொல்வதற்கான காரணமும் இதே ஆய்வுகளில்தான் இருக்கிறது. இன்றைய பிரபஞ்சத்திலுள்ள நடுநிலை ஹைட்ரஜன் அணுக்கள் அத்தனையும், ஒளிரும் கேலக்ஸிகளில் இருப்பதும் சேர்த்து, சாதாரணப் பொருளில் 1 முதல் 2 சதவீதம்தான். இது விண்மீன் உள்ளது, இல்லாதது என்று பாராமல் எடுத்த மொத்தக் கணக்கு. 30 சதவீத ஓட்டையை இதிலிருந்து கிள்ளியெடுத்து அடைக்க முடியாது.

விர்கோ எச்.ஐ.21 கதையையும் சொல்லியாக வேண்டும். 2005இல் உலகம் முழுக்கச் செய்தியான மேகம் அது. சுமார் 5 கோடி ஒளியாண்டு தொலைவு, 10 கோடி சூரியன்களின் நிறையுள்ள ஹைட்ரஜன், விண்மீன் ஒன்றுகூட இல்லை. வாயுவின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் நொடிக்குச் சுமார் 200 கி.மீ. வேக வித்தியாசம். அது சுழற்சியாக இருந்தால், அந்த வாயுவைச் சிதறாமல் பிடித்துவைக்க ஒரு முழுக் கேலக்ஸிக்கு ஈடான கரும்பொருள் அங்கே தேவை. முதல் இருண்ட கேலக்ஸி என்று அறிவித்தார்கள். இரண்டே ஆண்டுகளில் அல்ஃபால்ஃபா இன்னும் அகலமாகப் பார்த்தபோது, அந்த மேகம் அருகிலிருக்கும் எம்99 கேலக்ஸியிலிருந்து நீளும் பெரிய வால் ஒன்றின் நடுப்பகுதி என்று தெரிந்தது. வேறொரு கேலக்ஸி அதிவேகமாக உரசிப் போனால் இதே வேக வித்தியாசம் வரும் என்று 2008இல் கணினி மாதிரியில் காட்டினார்கள். அறிவித்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கையிலிருந்த தரவுக்கு அது நியாயமான ஊகம். இந்தத் துறை பிறகு எவ்வளவு கறாராக மாறியது என்பதற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

சரி, அந்தப் பொருள் எங்கே இருந்தது? கேலக்ஸிகளுக்கு இடையில், வெட்டவெளி என்று நாம் நினைத்த இடத்தில். 1999இலேயே சென், ஆஸ்ட்ரைக்கர் இருவரும் கணினி மாதிரிகளைக் கொண்டு இதைச் சொல்லிவிட்டார்கள். கேலக்ஸிகளை வலைபோலக் கோக்கும் கரும்பொருள், வாயு இழைகளுக்குள் வாயு விழும்போது அதிர்ச்சி அலைகளால் 1 லட்சம் முதல் 1 கோடி டிகிரி வரை சூடாகிறது. அந்தச் சூட்டில் ஹைட்ரஜனிடம் எலக்ட்ரான் தங்குவதில்லை, அதனால் 21 செ.மீ. சிக்னலும் இல்லை. எக்ஸ் கதிரில் பளிச்சென்று தெரியும் அளவுக்கு அடர்த்தியும் இல்லை. 2018இல் நிகாஸ்ட்ரோவின் குழு எக்ஸ்எம்எம்-நியூட்டன் தொலைநோக்கியை ஒரே குவாசர் மீது மொத்தம் 18 நாள் அளவுக்குத் திருப்பிவைத்தது. ஆறு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் அந்த ஒளியில் விட்டுச்சென்ற மிகச் சன்னமான இரண்டு தடங்களைப் பிடித்ததாக அறிவித்தது. அதில் ஒரு தடம் அந்தக் குவாசரின் சுற்றுப்புறத்தைச் சேர்ந்ததாக இருக்கலாமே என்ற கேள்வி பிறகு எழுந்தது. 2019இல் வேறு இரண்டு குழுக்கள் லட்சக்கணக்கான கேலக்ஸி ஜோடிகளின் நடுவே உள்ள வெளியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தன. சூடான எலக்ட்ரான்கள் நுண்ணலைப் பின்னணியில் ஏற்படுத்தும் சிறு மாற்றம் அப்போது தெரியவந்தது.

என்னை முழுமையாக நம்பவைத்தது ரேடியோ வெடிப்புகள். வேறொரு கேலக்ஸியில் எங்கோ மில்லி நொடி நேரம் பளிச்சிடும் ரேடியோத் துடிப்பு அது. வழியில் அணுக்களில் கட்டுண்டிராத எலக்ட்ரான் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குத் தாழ்ந்த அதிர்வெண் அலைகள் பின்தங்கி வந்து சேரும். ஆகவே அந்தத் தாமதத்தை அளந்தால் பாதையில் இருந்த அந்த எலக்ட்ரான்கள் எல்லாவற்றையும் எண்ணியதாகிவிடும். அவை சூடா குளிரா, அடர்த்தியா மெலிவா என்பதெல்லாம் பொருட்டே இல்லை. வெடிப்பு எந்தக் கேலக்ஸியில் நிகழ்ந்தது என்று தெரிந்தால் தொலைவும் கிடைத்துவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவிலுள்ள அஸ்காப் தொலைநோக்கி கொடுத்த சில வெடிப்புகளைக் கொண்டு ழான்-பியர் மக்கார் தலைமையிலான குழு 2020 மே மாதம் விடையை வெளியிட்டது. அந்த எண்ணிக்கை, பெருவெடிப்பும் நுண்ணலைப் பின்னணியும் சொன்ன அளவோடு பொருந்தியது. அடுத்த மாதமே மக்கார் காலமானார். தாமதத்துக்கும் தொலைவுக்குமான தொடர்பு இன்று அவர் பெயரால்தான் வழங்குகிறது. 2025இல் லியம் கானரின் குழு 69 வெடிப்புகளை வைத்து இன்னும் நுணுக்கமாகப் பிரித்தது: சாதாரணப் பொருளில் சுமார் 76 சதவீதம் கேலக்ஸிகளுக்கு இடைப்பட்ட வெளியில், 15 சதவீதம் கேலக்ஸிகளைச் சூழ்ந்த வாயு உறைகளில், மிச்சம் விண்மீன்களிலும் குளிர்ந்த வாயுவிலும்.

அப்படியானால் விண்மீன் இல்லாத கேலக்ஸிகளை ஏன் இன்னும் தேட வேண்டும் என்று கேட்கலாம். அவை சொல்லப்போவது கரும்பொருளைப் பற்றி. கரும்பொருள் கோட்பாட்டின்படி பெரிய கேலக்ஸிகளைச் சுற்றிச் சிறிய கரும்பொருள் கட்டிகள் ஏராளமாக இருக்க வேண்டும். கண்ணில் படும் குறுங்கேலக்ஸிகளோ மிகக் குறைவு. இதற்கு விளக்கம் இப்படி: பிரபஞ்சத்தின் முதல் 100 கோடி ஆண்டுகளில் புற ஊதா ஒளி எங்கும் பரவி வாயுவைச் சுமார் 10,000 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டது. சின்னக் கட்டிகளின் ஈர்ப்பால் அந்தச் சூடான வாயுவைப் பிடித்து நெருக்கி விண்மீனாக்க முடியவில்லை. ரொம்பச் சின்னது என்றால் வாயுவே தங்காது. கொஞ்சம் பெரியது என்றால் விண்மீன் பிறந்துவிடும். நடுவே ஒரு குறுகிய இடைவெளியில் மட்டும் வாயு இருக்கும், விண்மீன் இராது.

மேகம் 9 (Cloud-9) என்ற ஹைட்ரஜன் மேகம் அந்த இடைவெளியில் சரியாக உட்காருகிறது. எம்94 கேலக்ஸிக்கு அருகே, சுமார் 1.4 கோடி ஒளியாண்டு தொலைவில், சீனாவின் ஃபாஸ்ட் தொலைநோக்கி 2023இல் கண்டது. 10 லட்சம் சூரியன்களின் நிறையுள்ள ஹைட்ரஜன், அதைப் பிடித்துவைக்க ஏறத்தாழ 500 கோடி சூரியன்களின் நிறையுள்ள கரும்பொருள். பிறகு ஹபிள் அதை உற்றுப் பார்த்தது. சில ஆயிரம் சூரியன்கள் அளவுக்கு விண்மீன்கள் இருந்தால்கூடத் தெரிந்திருக்கும். ஒன்றும் தெரியவில்லை. அந்த அறிவிப்பு 2026 ஜனவரியில் பரவலாக வெளிவந்தது. பிரபஞ்சச் சராசரிப்படி 500 கோடிக்கு அங்கே 80, 90 கோடி சூரியன்கள் அளவுக்குச் சாதாரணப் பொருள் சேர்ந்திருக்க வேண்டும். அதில் பெரும்பங்கு அங்கே தங்கவில்லை என்றே மாதிரிகள் சொல்கின்றன. காணாமல்போன பொருள் இதற்குள் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இதனிடமிருந்தே பொருள் போயிருக்கிறது.

அடுத்த முறை விண்மீன் இல்லாத கேலக்ஸி என்று செய்தி வந்தால், முதலில் அருகே பெரிய கேலக்ஸி இருக்கிறதா என்று பாருங்கள். விர்கோ எச்.ஐ.21 தடுக்கி விழுந்தது அங்கேதான். மேகம் 9க்கும் எம்94 அருகில் இருப்பதால் அந்தக் கேள்வி இன்னும் முழுதாகத் தீரவில்லை. அதன் உருவம் சற்றே கலைந்திருப்பதையும் ரேடியோப் படங்கள் காட்டியிருக்கின்றன. அடுத்து, ஒளிப்படம் எவ்வளவு ஆழமானது, அதாவது எவ்வளவு மங்கலானதைக்கூடக் காட்டும் என்று பாருங்கள். கிரீன் பேங்க் தொலைநோக்கி தவறான ஆயத்தொலைவை நோக்கித் திரும்பியதால் தற்செயலாகக் கிடைத்த ஜே0613+52 ஒன்று இருக்கிறது. 2024இல் அறிவித்தார்கள். 27 கோடி ஒளியாண்டு தொலைவு, 200 கோடி சூரியன்கள் அளவு வாயு, ஒழுங்கான சுழற்சி, பக்கத்தில் தொந்தரவு செய்ய யாருமில்லை. ஆனால் அறிவித்தபோது கையில் இருந்த ஒளிப்படங்கள் ஆழமற்றவை. அவ்வளவு வாயு இருக்கும் இடத்தில் மங்கலான விண்மீன்கள் பரவிக் கிடக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஹபிள் மேகம் 9ஐப் பார்த்த அளவுக்கு ஆழமாக அதைப் பார்க்கும்வரை நான் அதை விண்மீன் இல்லாத கேலக்ஸிகளின் பட்டியலில் சேர்க்க மாட்டேன்.