பையன் கோவையில், அப்பா டல்லாஸில்: ஹேக் ஒப்பந்தம் கைகொடுக்குமா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸில் இருக்கும் வாசகர் கேட்கிறார்: "லீவுக்கு 6 வயது மகனோடு கோவைக்குப் போன மனைவி நான்கு மாதமாகத் திரும்பவில்லை, அவனை அங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டார். ஹேக் ஒப்பந்தப்படி அழைத்து வர முடியுமா?"

முடியாதுங்க. பெற்றோரில் ஒருவர் நாடு தாண்டிக் கொண்டுபோன குழந்தையைத் திருப்பி அனுப்பச் சொல்லும் அந்த 1980 ஒப்பந்தத்தில் இந்தியா சேரவே இல்லை. இத்தனைக்கும் 1992இல் நாம் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 11வது பிரிவு, இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் சேரத்தான் சொல்கிறது. அமெரிக்கா நேர் எதிர்: ஹேக்கில் 1988 முதல் இருக்கிறது, குழந்தை உரிமை உடன்படிக்கையில் 1995இல் கையெழுத்துப் போட்டதோடு சரி.

இந்தியச் சட்ட ஆணையம் 2009இலேயே ஹேக் ஒப்பந்தத்தில் சேரச் சொன்னது, 2016இல் மசோதா வரைவும் வந்தது, சட்டம் மட்டும் வரவில்லை. அடி உதை தாங்காமல் பிள்ளையோடு அம்மா வீட்டுக்கு ஓடிவரும் பெண்ணை ஒப்பந்தம் கடத்தல்காரியாக்கிவிடும் என்ற பயம்தான் பெரிய காரணம். நியாயமான பயம். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்பு வைத்தே சட்டம் எழுதலாமே, இத்தனை வருடம் இழுத்தடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, உங்களுக்கு என்ன வழி? பையன் டெக்சாஸை விட்டுக் கிளம்பி ஆறு மாதம் ஆவதற்குள் அங்கே கஸ்டடி வழக்குப் போட்டுவிடுங்கள், தாண்டினால் அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்பதிலேயே சண்டை வரும். அப்புறம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது பையனை நீதிமன்றத்தின் முன் கொண்டுவர உத்தரவிடக் கேட்கும் மனு. ஆனால் அமெரிக்க உத்தரவைக் காட்டியதும் பையனை அனுப்பிவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். கோவைக்கு வந்துவிட்ட ஒரு தாயின் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் பிரிட்டன் நீதிமன்றத்துக்கு மதிப்புக் கொடுத்தது உண்மைதான், ஆனால் 2017இல் மூன்று நீதிபதிகள் அமர்வு, வெளிநாட்டு உத்தரவு கவனிக்க வேண்டியவற்றில் ஒன்று மட்டுமே, குழந்தையின் நலனே முக்கியம் என்று சொல்லிவிட்டது. அதனால் அவனுடைய பள்ளி ரிப்போர்ட், டாக்டர் ஃபைல், நீங்கள் வேலைக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற விவரம் எல்லாம் கையில் இருக்கட்டும். மனைவிக்கு டிக்கெட், தனி வீடு, செலவுக்குப் பணம் தருவதாகவும் போலீஸ் புகார் கொடுக்கமாட்டேன் என்றும் நீங்களே எழுதிக் கொடுத்தால் மனுவுக்கு வலு கூடும். நாள் ஓட ஓட, பையன் கோவையிலேயே பழகிவிட்டான் என்ற வாதமும் வலுக்கும்.

மனைவி ஏன் திரும்பவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. நீதிபதி கட்டாயம் கேட்பார். உண்மையை முதலில் உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.