யாழ்ப்பாணத்தில் தோட்டக்காணியில் தனியார் விமான ஓடுபாதை அமைத்தால் பிரதேச சபை விதிகளுக்கு ஒத்துவருமா?

நீங்கள் கனடாவில் சிறு விமானம் ஓட்டுபவர். வலிகாமத்தில் குடும்பக் காணி இருக்கிறது. புல்லுத்தரையாக ஒரு ஓடுபாதை மட்டும் போட்டால், கட்டடம் எதுவும் கட்டாதபடியால் சபையின் அனுமதி தேவையில்லைத்தானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேவைப்படும். அதோடு, சபையின் அனுமதி கிடைத்தால் மட்டும் போதாது.

உங்களுக்கு ஏன் அப்படித் தோன்றுகிறது என்று விளங்குகிறது. கனடாவில் விமானப் போக்குவரத்து மத்திய அரசின் அதிகாரம். ஊராட்சி தன் வலய விதியைக் காட்டி ஓடுதளத்தைத் தடுக்க முடியாது என்று 1950களின் தொடக்கத்திலேயே அங்கத்தைய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. இங்கே நிலைமை வேறு. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தின்படி, அபிவிருத்திப் பகுதி என்று அந்தச் சட்டத்தின் கீழ் பிரகடனப்படுத்தப்பட்ட இடத்தில் கட்டடம் எழுப்புவது மட்டும் அபிவிருத்தி வேலை அல்ல. நிலத்தில் செய்யும் பொறியியல் வேலையும், காணியின் பயன்பாட்டை மாற்றுவதும் அதற்குள் அடங்கும். தோட்டம் செய்த நிலத்தை மட்டப்படுத்தி விமானம் இறக்கினால் அது பயன்பாட்டு மாற்றமேதான். உங்கள் காணி பிரகடனப்படுத்திய பகுதிக்குள் வருகிறதா என்பதைச் சபையில் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

காணியில் ஒரு பகுதி வயலாக இருந்தால் இன்னும் கடினம். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வயலை நிரப்பவோ வேறு தேவைக்குப் பயன்படுத்தவோ முடியாது.

உண்மையில் நீங்கள் முதலில் போகவேண்டிய இடம் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை. 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஓடுதளம் அவர்களுடைய விடயம். அதுவும் வலிகாமத்தில் எங்கிருந்து எழும்பினாலும் சில நிமிடத்தில் பலாலிப் பக்கம் போய்விடுவீர்கள். 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட இடம் அது. சென்னை விமானம் வந்துபோகும் வானத்தில் அவர்கள் கேட்காமல் ஒருவரையும் விடமாட்டார்கள்.

இனி அளவைப் பாருங்கள். 600 மீற்றர் ஓடுபாதை என்று வையுங்கள். சிறிய ஓடுபாதைகளுக்கான சர்வதேச விதிப்படி ஓடுபாதையையும் சேர்த்து மொத்தம் 60 மீற்றர் அகலத்துக்கு, இரண்டு முனையிலும் இன்னும் 30 மீற்றர் நீளத்துக்கு, நிலம் வெளியாக இருக்கவேண்டும். கிட்டத்தட்ட 10 ஏக்கர், அதாவது யாழ்ப்பாணக் காணி அளவில் (ஏக்கருக்கு 16 பரப்பு) 156 பரப்புக்கு மேல். யாழ்ப்பாணத்தில் இவ்வளவும் ஒரே துண்டாக, நீளவாக்கில், ஒருவர் கையில் இருப்பது அபூர்வம். காணி உறுதியை எடுத்து வாசியுங்கள்: கிணற்றில் பங்கு, வழிவாய்க்காலில் பங்கு என்று எழுதியிருக்கும். அந்தப் பங்காளிகள் ஓடுபாதையைக் குறுக்கே கடந்து தண்ணீர் இறைக்க வருவார்கள். அவர்களுடைய உரிமையை உங்கள் அனுமதிப்பத்திரம் அழிக்காது.

அதற்கு அப்பால் பனை. ஓடுபாதையின் முனைகளுக்கு வெளியே 20 மீற்றருக்கு 1 மீற்றர் என்ற சரிவில் வான்வழி தடையில்லாமல் இருக்கவேண்டும். 20 மீற்றர் உயரப் பனை ஒன்று, அந்தச் சரிவு தொடங்கும் இடத்திலிருந்து 400 மீற்றருக்கு உள்ளே நின்றால் அது தடை. அந்த 400 மீற்றரும் அயலவரின் வளவுகள், வேலிகள். பெண்பனை தறிக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்கு முன் பனையின் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும். ஏன் சம்மதிக்க வேண்டும்? ஓலையும் நுங்கும் கிழங்கும் அவருக்கு வருமானம்.

எரிபொருளையும் காணியில் வைப்பதாக இருந்தால் என் பதில் ஒரேயடியாக வேண்டாம் என்பதுதான். எங்கள் நிலத்தடி சுண்ணக்கல். மேலே சிந்துவது கிணற்றுக்கு இறங்க அதிக காலம் எடுக்காது. சுன்னாகம் பக்கம் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது சனம் பட்ட பாட்டைக் கண்ட பிறகு இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆகவே செம்மண் தோட்டக்காணியில் இதைச் செய்யவேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். சட்டம் இடம்கொடுத்தாலும் அயலவருக்கு அது நியாயமில்லை. அப்படியும் முயல்வதென்றால், நிலத்தில் கை வைக்க முதல் நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு காணியோடு, இரு முனையிலும் அரைக் கிலோமீற்றர் தூரத்துக்கு நிற்கும் பனைகளின் உயரத்தையும் அளந்து வரைபடம் எடுங்கள். பெரும்பாலும் அந்த வரைபடத்திலேயே உங்கள் கேள்விக்குப் பதில் தெரிந்துவிடும். விண்ணப்பம் எழுதவே தேவைப்படாது.