ஜாமீன் கட்டும் முன் டீடெய்னரைக் கேளுங்கள்

கேள்வி: குடித்துவிட்டுக் கார் ஓட்டியதாக என் தம்பியை ஹூஸ்டனில், ஹாரிஸ் கவுண்டி சிறையில் வைத்திருக்கிறார்கள். எச்1பி விசா காலாவதியாகி ஓராண்டாகிறது. 'ஐ.சி.இ. ஹோல்டு' இருக்கிறதாம். இப்போதே பணம் கட்டினால் இரவே வீட்டுக்கு வந்துவிடுவான் என்கிறார் ஜாமீன் ஏஜென்ட். கட்டலாமா?

பதில்: இன்று வேண்டாம். ஹோல்டு என்பதும் டீடெய்னர் என்பதும் ஒன்றுதான்: குடிநுழைவு அமலாக்கத் துறையான ஐ.சி.இ. வந்து கொண்டுபோக வசதியாக, விடுதலை நேரத்துக்கு மேலும் 48 மணி நேரம் வரை ஆளை வைத்திருக்கச் சொல்லிச் சிறைக்கு அனுப்பும் படிவம். ஏஜென்ட் வாங்குவது வழக்கமாக ஜாமீன் தொகையில் 10 சதவீதம், அது திரும்பாது. தம்பியோ வீட்டுக்கு வராமல், சிறையிலிருந்து நேராக ஐ.சி.இ. வண்டியில் ஏறுவார். இது ஏஜென்டுக்கும் தெரியும்.

தெரிந்த அதிகாரியிடம் சொல்லி ஹோல்டை எடுத்துவிடுவதாகக் காசு கேட்பவர்களையும் நம்பாதீர்கள். சிறையில் எடுத்த கைரேகை எஃப்.பி.ஐ. வழியாகக் குடிநுழைவுத் துறைக்குத் தானாகவே போய்விட்டது. டீடெய்னர் என்பது வெறும் கோரிக்கைதான் என்று கலிஃபோர்னியா நண்பர்கள் சொல்வார்கள். டெக்சாஸில் 2017இன் எஸ்.பி.4 சட்டப்படி அதை மதிக்காத, சிறையை நடத்தும் ஷெரிஃபின் பதவியே போகும்.

எல்லோரும் தவறாக எண்ணுவது அந்த 48 மணி நேரத்தைத்தான். கைதான நேரத்திலிருந்து எண்ணக் கூடாது. ஜாமீனோ தள்ளுபடியோ தண்டனை முடிவோ, உள்ளூர் வழக்கில் விடுதலையாக வேண்டிய நேரத்திலிருந்து எண்ண வேண்டும். திங்கள் மாலை 4 மணிக்கு ஜாமீன் ஏறினால் புதன் மாலை 4 வரை. அதற்குள் ஐ.சி.இ. வராவிட்டால், விடச் சொல்லி வக்கீல் எழுத்தில் கேட்க வேண்டும். வாயால் கேட்டால் கவுண்ட்டரில் தோளைக் குலுக்குவார்கள். டீடெய்னர் படிவமான ஐ-247ஏ-யின் நகலை இப்போதே வாங்கி வையுங்கள்.

குற்ற வழக்கு வக்கீலும் குடிநுழைவு வக்கீலும் பேசிக்கொள்ளும் வரை தம்பி எதையும் ஒப்புக்கொள்ளவோ கையெழுத்திடவோ வேண்டாம். 'நோட்டரி' இங்கே வக்கீல் அல்ல. விசாவில் முறைப்படி வந்தவர் என்பதால் குடிநுழைவு நீதிபதியிடம் தனி ஜாமீன் கேட்கலாம். குறைந்தது 1,500 டாலர். எல்லா விசாரணைக்கும் போனால் கட்டியவருக்கே திரும்பும். உங்கள் பணம் அதற்குத் தேவைப்படும். வக்கீல்கள் சொன்ன பிறகு உள்ளூர் ஜாமீன் கட்டுவதானால், ஏஜென்டை விட்டுக் கவுண்டியிலேயே ரொக்கமாகக் கட்டுங்கள்.

ஐ.சி.இ. கொண்டுபோனதைக் குற்ற வழக்கு நீதிமன்றத்துக்கு வக்கீல் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் ஆஜராகவில்லை என்று வாரண்ட் பிறக்கும். இத்தனை கணினி வைத்திருந்தும் ஓர் அலுவலகம் இன்னொன்றுக்குச் சொல்லாது.

ஐ.சி.இ. பிடித்து வைத்திருப்பவர்களைத் தேடும் இணையப் பக்கத்தில் எழுத்துப் பிசகினாலும் ஆள் அகப்படமாட்டார். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லையென்றால், விசாவில் முதல் பெயராக 'எஃப்.என்.யு.' (FNU, முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) என்றும், சொந்தப் பெயர் குடும்பப் பெயராகவும் இருக்கும். அப்படியே தட்டுங்கள்.