ஐசர்மன் தேறுவாரா? டெட்ராய்ட் ரெட் விங்ஸ் பற்றிச் சில கேள்விகள், என் பதில்கள்

இதை எழுதுவது 2025 செப்டம்பரில். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் ஆடும் ரெட் விங்ஸின் பயிற்சி முகாம் தொடங்கப் போகிறது. 1991 முதல் 2016 வரை தொடர்ந்து 25 சீசன் பிளேஆஃபுக்குப் போன அணி, அதன்பிறகு ஒன்பது சீசனாக ஒருமுறைகூடப் போகவில்லை. அதில் கடைசி ஆறு சீசன் ஜெனரல் மேனேஜர் ஸ்டீவ் ஐசர்மன் பொறுப்பில் கழிந்தவை. நான் 1996இல் மிச்சிகன் வந்தவன். 42 வருடக் காத்திருப்புக்குப் பிறகு 1997இல் இதே ஐசர்மன் கேப்டனாக லீக்கின் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியதைப் பார்த்தவன். அதைத் தெரிந்துகொண்டே என் பதில்களைப் படியுங்கள்.

கேள்வி (சென்னை): கிரிக்கெட் மட்டும் பார்க்கிறவன் நான். ஜெனரல் மேனேஜர் என்பவர் கோச்சா, ஓனரா?

இரண்டும் இல்லை. யார் அணியில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்பவர். டிராஃப்ட் (இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது), டிரேட் (அணிகளுக்கிடையே ஆட்டக்காரர்களைக் கைமாற்றுவது), ஒப்பந்தம், கோச்சை நியமிப்பது, நீக்குவது எல்லாம் அவர் கையில். ஐபிஎல் ஏலத்தில் பர்ஸ் இருப்பதுபோல இங்கே சம்பள உச்சவரம்பு உண்டு, கேப் என்பார்கள். 2025-26க்கு அது 9.55 கோடி டாலர். பெரிய வித்தியாசம் என்னவென்றால், இளம் ஆட்டக்காரர்களுக்கு ஏலம் கிடையாது. முந்தைய சீசனில் தோற்ற அணிகள் முதலில் தேர்வு செய்யும். அதனால்தான் இங்கே ஓர் அணியை இடித்துக் கட்ட முடிகிறது. அதற்கு வருடங்களும் ஆகின்றன.

கேள்வி (நோவை, மிச்சிகன்): அண்ணா, நேராகவே கேட்கிறேன். ஆறு வருடம் ஆச்சு. வேறு யாராக இருந்தாலும் வேலையை விட்டுத் தூக்கியிருப்பார்கள். ஐசர்மனை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள்?

தம்பி, கோபம் நியாயம்தான். ஆனால் கணக்கை முதல் நாளிலிருந்து பார்க்க வேண்டும். 2019 ஏப்ரலில் அவர் வந்தபோது முந்தைய ஜெனரல் மேனேஜர் கென் ஹாலண்ட் விட்டுப்போன அணி வெறுமையாக இருந்தது. இருபத்தைந்து வருடத் தொடரைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகவே வயதானவர்களுக்கு நீண்ட ஒப்பந்தங்கள் கொடுத்திருந்தார்கள். ஜஸ்டின் அப்டல்கேடருக்கு ஏழு வருடம், ஃபிரான்ஸ் நீல்சனுக்கு ஆறு வருடம். இரண்டையும் ஐசர்மன் வந்து பாதியில் பணம் கொடுத்து முடித்துவைத்தார். நட்சத்திர ஆட்டக்காரர் டட்சுக் 2016இல் ரஷ்யா திரும்பியபோது அவருடைய ஒப்பந்தத்தைத் தலையிலிருந்து இறக்குவதற்காக டிராஃப்டில் 16ஆம் இடத்திலிருந்து 20ஆம் இடத்துக்கு இறங்கினார்கள். அந்த 16ஆம் இடத்தில் அரிசோனா டிஃபென்ஸ்மேன் ஜேக்கப் சிக்ரனை எடுத்தது. அன்று அந்த வலி பலருக்குத் தெரியவில்லை.

முதல் சீசனில் 71 ஆட்டத்தில் 17 வெற்றி, 39 புள்ளி. அதற்குப் பிறகு முழு சீசன்களில் 74, 80, 91 என ஏறியது. கடந்த சீசன் 86க்கு இறங்கியது. என் வருத்தம் அந்தக் கடைசி எண்ணில்தான். ஏறிக்கொண்டிருக்கும்வரை பொறுமையாக இருக்கலாம். நின்றுபோனால் ஏன் நின்றது என்று கேட்டே ஆகவேண்டும்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். இளம் ஆட்டக்காரர்களைத் தேடி எடுப்பதில் ஐசர்மன் தேறிவிட்டார். வெளியிலிருந்து ஆளை விலைக்கு எடுத்து அவர்களைச் சுற்றி நிறுத்துவதில் தேறவில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ரசிகர்களுக்குள் இவ்வளவு சண்டை.

கேள்வி (ட்ராய்): டம்பாவில் அவர் கட்டிய அணி இரண்டு கோப்பை வென்றதே! அந்த மனிதர் இங்கே ஏன் தடுமாறுகிறார்?

2010 முதல் 2018 வரை டம்பா பேயில் அவர் செய்த டிராஃப்ட் வேலையை எத்தனை முறை சொன்னாலும் தகும். நிகிதா குச்செரோவை 2011இல் 58ஆம் இடத்தில் எடுத்தார். அதே வருடம் ஒன்ட்ரே பலாட்டை 208ஆம் இடத்தில். 2012இல் கோல்கீப்பர் வசிலெவ்ஸ்கி 19ஆம் இடம். 2014இல் பிரேடன் பாயின்ட் 79ஆம் இடம். 2020, 2021 கோப்பைகள் அவர் கிளம்பிய பிறகு அடுத்த ஜெனரல் மேனேஜர் ஜூலியன் பிரிஸ்புவா காலத்தில் வந்தவை என்றாலும், முதுகெலும்பு ஐசர்மன் வைத்தது.

ஆனால் அங்கே அவர் உள்ளே நுழைந்தபோதே ஸ்டாம்கோஸும் ஹெட்மனும் இருந்தார்கள். ஒருவர் 2008இன் முதல் தேர்வு, இன்னொருவர் 2009இன் இரண்டாவது தேர்வு. அஸ்திவாரம் போட்டுத் தயாராக இருந்த மனையில் வீடு கட்டினார். டெட்ராய்டில் இருந்தது லார்கின் ஒருவர். உழைப்பாளி, மண்ணின் மைந்தன், எனக்கு மிகவும் பிடித்த கேப்டன். ஆனாலும் அவர் ஸ்டாம்கோஸ் இல்லை.

கேள்வி (கேன்டன்): டிராஃப்ட் லாட்டரியில், அதாவது முதல் தேர்வு யாருக்கு என்ற குலுக்கலில், நமக்கு அதிர்ஷ்டமே இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது சாக்கா, உண்மையா?

உண்மைதான். ஆனால் முழு உண்மை அல்ல.

2020இல் லீக்கிலேயே கடைசியாக வந்தோம். முதல் தேர்வு கிடைக்க 18.5 சதவீத வாய்ப்பு, வேறு எந்த அணியைவிடவும் அதிகம். குலுக்கலில் நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டோம். நியூயார்க் ரேஞ்சர்ஸ் முதலிடத்தைத் தூக்கிக்கொண்டு போனது. ஐசர்மன் காலத்தில் ஒவ்வொரு வருடமும் நாம் முதலாவதாகத் தேர்வு செய்த இடங்களைப் பாருங்கள்: 6, 4, 6, 8, 9, 15, 13. முதல் மூன்றுக்குள் ஒருமுறைகூட வரவில்லை. இப்படிப்பட்ட இடங்களில் இருந்து அணியைத் திருப்பிப்போடும் ஒரு சூப்பர் ஸ்டார் சென்டர் கிடைப்பது அபூர்வம்.

அப்படியிருந்தும் அந்த நான்காம் இடத்தில் லூகஸ் ரேமண்டை எடுத்தார். கடந்த சீசனில் ரேமண்ட் 80 புள்ளி (அடித்த கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து). 2019இல் ஆறாம் இடத்தில் ஜெர்மனியின் மோரிட்ஸ் சைடர் பெயரைப் படித்தபோது வான்கூவர் அரங்கமே திகைத்தது. பையனின் வாயே பிளந்து நின்றது. நானும் வீட்டில் தலையில் கைவைத்தேன். 2022இல் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது அவருக்கு. அன்று நான் நினைத்தது தவறு, ஐசர்மன் கண்டது சரி.

இப்போது மறுபக்கம். 2017இல் கொலராடோவும் 48 புள்ளியோடு கடைசியாக வந்து, நம்மைப்போலவே நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. அங்கே ஜெனரல் மேனேஜர் ஜோ சாக்கிக் எடுத்தது கேல் மகாரை. ஐந்தே வருடத்தில் கோப்பை. அவர்களிடம் மெக்கின்னனும் ரன்டனனும் ஏற்கெனவே இருந்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் லாட்டரியை மட்டும் குற்றம் சொல்லி எல்லாவற்றையும் மூடிவிட முடியாது.

கேள்வி (நோவை, அதே தம்பி): சரி அண்ணா, அப்படியென்றால் ஜேக் வால்மனைப் பற்றிச் சொல்லுங்கள்.

இதைக் கேட்பீர்கள் என்று தெரியும். என்னால் இன்னும் ஜீரணிக்க முடியாத ஒன்று அது.

வால்மன் 2023-24இல் 12 கோல் அடித்த டிஃபென்ஸ்மேன். சம்பளம் 34 லட்சம் டாலர், இன்றைய சந்தையில் மலிவு. 2024 ஜூனில் அவரை சான் ஹோசேவுக்கு அனுப்பினார் ஐசர்மன். பதிலுக்கு ஒன்றும் வரவில்லை. அதோடு நிற்கவில்லை, அவரை வாங்கிக்கொள்வதற்காக ஓர் இரண்டாம் சுற்று டிராஃப்ட் தேர்வு உரிமையையும் சேர்த்துக் கொடுத்தார். எட்டு மாதம் கழித்து சான் ஹோசே அதே வால்மனை எட்மன்டனுக்குக் கொடுத்து ஒரு முதல் சுற்றுத் தேர்வை வாங்கியது. நாம் கூலி கொடுத்து வெளியேற்றிய பொருளை அடுத்த தெருவில் தங்க விலைக்கு விற்றிருக்கிறார்கள்.

அவரைக் கொடுத்தது கேப்பில் இடம் வேண்டும் என்பதற்காக என்று சொல்பவர்கள் உண்டு. அதே அணியில் ஜஸ்டின் ஹோலும் அதே 34 லட்சம் வாங்கிக்கொண்டு பல ஆட்டங்களில் வெளியே உட்கார்ந்திருந்தாரே! அந்தக் கோடையில் 47.5 லட்சம் கொடுத்து இரண்டு வருடத்துக்கு எடுத்த தரசென்கோவும் ஒரே சீசனில் மினசோட்டாவுக்கு ஒன்றுமில்லாமல் போய்விட்டார். உள்ளே ஆட்டத்துக்கு அப்பாற்பட்ட காரணம் ஏதாவது இருந்திருக்கலாம் என்றாலும், முப்பத்தோரு அணிகளையும் கூப்பிட்டு விலை கேட்டிருந்தால் குறைந்தபட்சம் தேர்வைச் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி (ஆன் ஆர்பர்): அக்கா ஒருத்தி கேட்கிறேன். மூத்த ஆட்டக்காரர்களை வாங்கிக் குவித்து இளையவர்களின் வழியை அடைக்கிறார் என்பது சரியா?

பாதி சரி அக்கா. 2022 கோடையில் காப், சேரட், பெரோன். 2023இல் கம்ஃபர், ஹோல். காப்புக்கு ஐந்து வருடம், ஆண்டுக்கு 56.25 லட்சம். தனித்தனியாகப் பார்த்தால் யாரும் மோசமில்லை. மூன்றாவது வரிசையில் ஆடவேண்டியவர்களுக்கு இரண்டாவது வரிசைச் சம்பளம், அதுதான் சிக்கல். அணி நடுவில் தடித்துப்போய், மேலே மெலிந்துவிட்டது.

வழி அடைபட்டது என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். இளையவர்களை அவசரமாக மேலே இழுக்காமல் கிராண்ட் ராபிட்ஸ் துணை அணியில், ஸ்வீடனில் பழுக்கவிடுவது டெட்ராய்டின் பழைய வழக்கம். சைடர் தயாரானதும் நேராக உள்ளே வந்தார், நான்கு சீசனாக ஓர் ஆட்டம்கூடத் தவறவிடவில்லை. மார்கோ காஸ்பர் முதல் முழு சீசனிலேயே 19 கோல். நன்றாக ஆடியவனை யாரும் தடுத்ததாகத் தெரியவில்லை.

கேள்வி (ஃபார்மிங்டன் ஹில்ஸ்): டெப்ரிங்கட் எங்கள் ஊர்ப் பையன். அந்த டிரேடுக்கு எத்தனை மதிப்பெண்?

நல்ல மதிப்பெண். கடந்த சீசனில் 39 கோல். இன்னொரு டிரேடையும் சொல்கிறேன்: டிஃபென்ஸ்மேன் ஹ்ரோனெக்கை வான்கூவருக்குக் கொடுத்து வந்த தேர்வில்தான் இளம் டிஃபென்ஸ்மேன் ஆக்செல் சாண்டின் பெலிக்காவை 17ஆம் இடத்தில் எடுத்தார்கள். ஹ்ரோனெக் அங்கே போய்ப் பிரமாதமாக ஆடினார், ஆகவே அதன் கணக்கு இன்னும் முடியவில்லை.

கேள்வி (மொன்றியல்): எங்கட கனேடியன்ஸ் உங்களுக்குப் பின்னாலை தொடங்கி முன்னாலை போயிட்டினம். கென்ட் ஹியூஸ் என்ன செய்தவர், ஐசர்மன் என்ன செய்யேல்லை?

நியாயமான கேள்வி, பதில் சொல்லக் கஷ்டமாகவும் இருக்கிறது. ஹியூஸ் 2022 ஜனவரியில் உங்கள் ஜெனரல் மேனேஜராக வந்தார். அந்த வருடமே லாட்டரியில் முதலிடம் விழுந்து ஸ்லஃப்கோவ்ஸ்கி கிடைத்தார். அது அதிர்ஷ்டம். ஆனால் அதே டிராஃப்டில் 62ஆம் இடத்தில் லேன் ஹட்சனை எடுத்தது அதிர்ஷ்டம் இல்லை. 2025 கால்டர் விருது ஹட்சனுக்கு.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மொனஹன் விஷயம். கேல்கரி கேப் நெருக்கடியில் இருந்தபோது மொனஹனை வாங்கிக்கொண்டார் ஹியூஸ், கூடவே ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் வாங்கினார். பிறகு அவரையே வினிபெக்குக்குக் கொடுத்து இன்னொரு முதல் சுற்றுத் தேர்வு. ஒரே ஆட்டக்காரரை வைத்து இரண்டு தேர்வு! வால்மனை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தக் கோடையில் சேர்த்துவைத்த தேர்வுகளில் இரண்டு முதல் சுற்றுகளைத் தயங்காமல் கொடுத்து நோவா டாப்சனை எடுத்தார். எப்போது சேர்க்க வேண்டும், எப்போது செலவழிக்க வேண்டும் என்ற காலக்கணக்கு அவருக்கு இருக்கிறது. ஐசர்மன் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்.

2025 மார்ச் டிரேட் கெடு முடிந்தபோது பெரிதாக யாரையும் கொண்டுவராததில் தனக்கு ஏமாற்றம் என்று சீசன் முடிவில் லார்கினே வெளிப்படையாகச் சொன்னார். கேப்டன் வாயிலிருந்து அது வருவது சின்ன விஷயம் இல்லை.

கேள்வி (டியர்போர்ன்): கோச் மாற்றம் உதவியதா?

உதவியது. டிசம்பரில் லலோண்ட் போய் மெக்லெலன் வந்த பிறகு 26 வெற்றி, 18 தோல்வி, 4 ஓவர்டைம் தோல்வி. ஆனால் பெனால்டி கில், அதாவது தண்டனையால் ஓர் ஆள் குறைவாக ஆடும்போது கோல் விடாமல் தடுப்பது, 70 சதவீதத்தில் லீக்கிலேயே கடைசி. அதைச் சரிசெய்தாலே கூடுதல் புள்ளிகள் வரும். ஜூனில் அனஹைமிலிருந்து கோல்கீப்பர் ஜான் கிப்சனை எடுத்ததும் சரியான முடிவு. இளம் கோல்கீப்பர் கோசா பழுக்கும்வரை வாசலில் ஒருவர் வேண்டுமே.

கேள்வி (டொரன்டோ): ஆட்டக்காரராக அணிந்த 19ஆம் எண் சட்டைக்காகத்தானே டெட்ராய்டில் யாரும் ஐசர்மனைக் கேள்வி கேட்பதில்லை?

அந்தச் சட்டைக்காக முதல் ஐந்து வருடம் நான் கேட்காமல் இருந்தேன், உண்மை. இருபது வருடம் கேப்டனாக இருந்தவர், மூன்று கோப்பை. முழங்கால் சிதைந்த நிலையில் 2002 பிளேஆஃபை ஆடி முடித்தவர். அந்த அன்பு போகாது. ஆனால் 2024 ஏப்ரலில் 91 புள்ளியோடு வாஷிங்டனுக்குச் சமமாக நின்று, ஒழுங்கு நேர வெற்றிகள் குறைவு என்பதால் வெளியே போனோமே, அந்த இரவுக்குப் பிறகு அணி பலமாகியிருக்க வேண்டும். இரண்டே மாதத்தில், அந்த ஜூனில் வால்மன் போனார். அன்றிலிருந்து நான் கேட்கிறேன். இந்த சீசனும் பிளேஆஃப் இல்லையென்றால், டிராஃப்ட் வேலையை அவரிடமே விட்டுவிட்டு டிரேடும் ஒப்பந்தமும் பார்க்க இன்னொருவரை அதிகாரத்தோடு கொண்டுவர வேண்டும் என்று சொல்வேன். அவரை விரட்டச் சொல்லமாட்டேன்.

கேள்வி (நார்த்வில்): என் மகனுக்குப் பத்து வயது. ரெட் விங்ஸ் பிளேஆஃப் ஆடி அவன் பார்த்ததே இல்லை. அவனுக்கு என்ன சொல்வது?

லிட்டில் சீசர்ஸ் அரங்கம் 2017இல் திறந்தது. இதை எழுதும் 2025 செப்டம்பர் வரை ரெட் விங்ஸ் அங்கே ஒரு பிளேஆஃப் ஆட்டம் ஆடியதில்லை. பழைய ஜோ லூயிஸ் அரங்கத்தில் பிளேஆஃப் இரவுகளில் ஆக்டோபஸைப் பனிமேல் வீசுவார்கள். 1952இல் தொடங்கிய வழக்கம், அன்று கோப்பைக்கு எட்டு வெற்றி வேண்டும், எட்டுக் கால். உங்கள் மகன் அதைக் கதையாகத்தான் கேட்டிருப்பான் என்பது எனக்கு நிஜமாகவே வலிக்கிறது.

நவம்பரில் ஒரு வாரநாள் ஆட்டத்துக்கு அவனைக் கூட்டிப்போங்கள். கண்ணாடியை ஒட்டிய விலை உயர்ந்த இருக்கை வேண்டாம், மேல்தட்டில் உட்காருங்கள். பக் எனும் வட்டை மறந்துவிட்டு 53ஆம் எண் சைடரை மட்டும் பத்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். எதிராளி நீலக்கோட்டைத் தாண்டும்போது அவர் எப்படிப் பின்னால் சறுக்கிக்கொண்டே வழியைக் குறுக்குகிறார் என்று காட்டுங்கள். அப்புறம் 23ஆம் எண் ரேமண்ட். வீட்டுக்குத் திரும்பும்போது இருவரில் யாரைப் பிடித்தது என்று அவனையே கேளுங்கள், எனக்கும் எழுதுங்கள்.