பிசிக்ஸ் படித்த பையன் அறவியலுக்குப் போகிறேன் என்றால்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை நீங்களும் உங்கள் மகனும் வந்துவிட்டுப் போனதிலிருந்து உங்கள் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. "நகையை அடகு வைத்து பி.எஸ்சி. பிசிக்ஸ் சேர்த்தேன். இப்போது இறையியல் படிக்கப் போகிறேன், ஜனங்களுக்காக நிற்கப் போகிறேன் என்கிறான். படித்த படிப்பு வீண்தானே சார்?" என்று கேட்டீர்கள். அவன் எதிரிலேயே பதில் சொன்னால் ஒருவர் பக்கம் சாய்ந்த மாதிரி ஆகிவிடும் என்றுதான், கடிதமாக எழுதுகிறேன் என்றேன்.

படிப்பு வீணாகாது. இப்படி அடித்துச் சொல்ல எனக்கு ஒரு மனிதரின் வாழ்க்கை கைவசம் இருக்கிறது. அவர் பெயர் கிளென் ஸ்டாசன், அமெரிக்காவில் பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த அறவியல் பேராசிரியர். 1936-இல் மினசோட்டா மாநிலத்தில் பிறந்தவர். அப்பா ஹாரல்ட் ஸ்டாசன் அந்த மாநில ஆளுநராக இருந்தவர், 1945-இல் ஐ.நா. சாசனத்தில் அமெரிக்கா சார்பில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது பையனுக்கு ஒன்பது வயது. அப்பா அப்போது கடற்படை அதிகாரி.

அந்தப் பையன் வளர்ந்து எடுத்த படிப்பு உங்கள் மகன் எடுத்த அதே இயற்பியல். 1957-இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பட்டம். அப்புறம்தான் இறையியல் பக்கம் திரும்பினார். 1963-இல் நியூயார்க் யூனியன் செமினரியில், அதாவது இறையியல் கல்லூரியில், பி.டி. என்ற இறையியல் பட்டம், 1967-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் பட்டம் வாங்கியபோது 21 வயது, முனைவர் ஆனபோது 31. நடுவில் பத்து வருஷம். இந்த வழியில் போகிறவர்களின் வீட்டில் இந்தப் பத்து வருஷத்தைப் பற்றி முன்கூட்டியே பேசிவிட வேண்டும். பேசாத வீடுகளில்தான் நாலாவது வருஷம் சண்டை வருகிறது.

அவர் படித்த இயற்பியல் எங்கே போனது என்றால், 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணு ஆயுதச் சோதனை, உற்பத்தி, நிறுவுதல் மூன்றையும் நிறுத்த வேண்டும் என்று பெரிய மக்கள் இயக்கம் எழுந்தது. அதன் வியூகக் குழுவில் ஸ்டாசன் முக்கியப் பொறுப்பில் இருந்தார். ஏவுகணை, அதன் வெடிமுனை, சொன்னபடி குறைத்தார்களா என்ற சரிபார்ப்பு என்று பேச்சு வரும்போது "போதகர்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று அவரை யாரும் ஓரம் கட்ட முடியாது. ஐரோப்பாவில் நிறுத்தி வைத்திருந்த நடுத்தர தூர ஏவுகணைகளை இரண்டு தரப்பும் அடியோடு அகற்ற வேண்டும் என்று வாதிட்டவர்களில் அவரும் ஒருவர். 1987 டிசம்பரில் அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் அவற்றை அகற்றும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பிசிக்ஸ் தெரிந்த அறவியலாளருக்கு இருக்கும் பலம் அது. தம்பி நாளைக்கு ஒரு அணு உலையைப் பற்றியோ ஆற்றில் கலக்கும் சாயக்கழிவைப் பற்றியோ பேச எழுந்தால், அவன் படித்த அறிவியல்தான் அவனுக்குத் துணை நிற்கும்.

இன்னொன்றையும் தம்பி கவனிக்க வேண்டும். போராட்டம் ஸ்டாசனுக்குச் சம்பளம் தரவில்லை, வகுப்பறைதான் தந்தது. கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் உள்ள சதர்ன் பாப்டிஸ்ட் செமினரியில் 1976 முதல் 20 வருஷம் பாடம் எடுத்தார். தேர்வுத்தாள் திருத்தி, மாணவர்களின் ஆய்வுகளை வழிநடத்தி, மிச்ச நேரத்தில்தான் இயக்கம். சதர்ன் பாப்டிஸ்ட் சபைகளின் தலைமை பழமைவாதிகள் கைக்குப் போன காலத்தில், அறுபது வயதில் அங்கிருந்து கிளம்பி கலிபோர்னியாவில் ஃபுல்லர் செமினரிக்குப் போனார். 2014-இல் இறக்கும்வரை அங்கேதான். பழைய மாணவர் டேவிட் குஷியோடு சேர்ந்து 2003-இல் அவர் வெளியிட்ட 'கிங்டம் எத்திக்ஸ்' இன்றும் பல செமினரிகளில் பாடநூல். கொள்கையோடு வாழ்கிறவருக்கு வேலை இடம் மாறும் நாளும் வரும் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அவருக்குப் பெரிய குடும்பத்தின் பின்பலம் இருந்தது. உங்களுக்கு அது இல்லை. அதனால் நம் திட்டத்தில் காசுக்கணக்கு முதலில் வர வேண்டும்.

வழிகள் இரண்டு. தம்பி உண்மையிலேயே இறையியல்தான் என்றால், மேற்கு வங்காளத்தின் சேராம்பூர் கல்லூரி வழியாக இறையியல் பட்டம் வழங்கும் சேராம்பூர் செனட்டோடு இணைந்த கல்லூரிகளில் மட்டும் பாருங்கள். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை குருகுல், பெங்களூர் யுனைடெட் தியாலஜிகல் காலேஜ் எல்லாம் அப்படிப்பட்டவை. அந்தச் சேராம்பூர் கல்லூரியைத் தொடங்கியவர்களே வில்லியம் கேரி உள்ளிட்ட பாப்டிஸ்ட் மிஷனரிகள்தான், 1818-இல். பி.டி. நான்கைந்து வருஷம், அதற்கு மேல் முதுகலையான எம்.டி.எச். இரண்டு வருஷம். உங்கள் சபைகளை நிர்வகிக்கும் திருமண்டலம் அனுப்பி வைத்தால் செலவு குறையும், ஆனால் படித்து முடித்ததும் சபை ஊழியத்துக்குக் கூப்பிடுவார்கள். அதற்குத் தம்பிக்குச் சம்மதமா என்று இப்போதே கேளுங்கள். இறையியல் கல்லூரிகளில் அரசுக் கல்லூரிச் சம்பளத்தை எதிர்பார்க்க முடியாது.

ஜனங்களோடு வேலை செய்வதுதான் அவன் ஆசை என்றால் சமூகப் பணிக்கான முதுகலைப் படிப்பு எம்.எஸ்.டபிள்யூ. அல்லது தத்துவத்தில் எம்.ஏ. இருக்கிறது. எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு எந்தப் பட்டம் இருந்தாலும் போதும். பிறகு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வானால் ஆய்வு செய்யும்போது மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும். எனக்கு இந்த வழிதான் உங்கள் வீட்டு நிலைமைக்குத் தோது என்று படுகிறது. வேலைக்கு வந்த பிறகும் இறையியல் படிக்கலாம்.

கடைசியாக வீட்டுக்குள் நடக்கும் சண்டை. இயேசுவின் மலைப்பிரசங்கத்தை ஸ்டாசன் வாசித்த விதம் எனக்குப் பிடிக்கும். ஒரு மைல் சுமையோடு வரச் சொல்லிப் பலவந்தம் பண்ணினால் இரண்டு மைல் போ என்ற வசனத்தைப் பொறுத்துப் போகச் சொல்லும் அறிவுரையாக அவர் பார்க்கவில்லை. மாட்டிக்கொண்டவன் தானே முன்வந்து எடுக்கும் ஓர் அடி, எதிரில் இருப்பவனை யோசிக்க வைக்கும் அடி என்று விளக்கினார். நாடுகளுக்கும் அதையே சொன்னார். பேச்சுவார்த்தை முடியட்டும் என்று காத்திருக்காமல், மற்றவர் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றை ஒரு தரப்பு முதலில் செய்தால் பயம் குறையும் என்றார். உங்கள் வீட்டில் அந்த முதல் அடியை நீங்கள் எடுங்கள் அம்மா. "டிகிரியை முடி, நானே உன்னோடு மதுரைக்கு வந்து அந்தக் கல்லூரியைப் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி போயும் வாருங்கள்.

அன்று தம்பி பையிலிருந்து எடுத்துக் காட்டிய ரெக்கார்ட் நோட்டைப் புரட்டினேன். ஸ்பெக்ட்ரோமீட்டர் வரைக்கும் பென்சில் படமெல்லாம் அவ்வளவு அழகு. கடைசி மூன்று சோதனைக்குத் தேதி மட்டும் இருக்கிறது, உள்ளே காலி. மனம் எப்போது விலகியது என்று அந்தப் பக்கங்களே சொல்லின. அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு அவனைத் தனியாக அனுப்புங்கள். வரும்போது அந்த மூன்றையும் எழுதி, கல்லூரியில் சாரிடம் கையெழுத்து வாங்கி நோட்டைக் கொண்டு வரச் சொல்லுங்கள். இரண்டு வழிக்கும் உள்ள விண்ணப்பத் தேதிகளை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.