தூரிகையால் எழுதும் தமிழ் எழுத்துகளைச் சொந்த எழுத்துருவாக்க 247 எழுத்துகளையும் வரைய வேண்டுமா?

கேட்டவர் பிரஷ் பிடித்துப் பழகியவர் என்றும், எழுதியதை ஸ்கேன் செய்து மென்பொருளிடம் கொடுத்தால் எழுத்துரு வந்துவிடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். மதுரையில் கடைப் பலகை எழுதும் பட்டறையில் தொழில் கற்று, ஃபிளக்ஸ் வந்தபின் எழுத்துருப் பணிக்கு மாறியவன் என்பதால் இக்கேள்வியைக் கடந்துபோக முடியவில்லை.

247-ஐயும் வரைய வேண்டியதில்லை. ஆ, எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ வரிசைகள் காலும் கொம்பும் சேர்ந்து அமைந்துவிடும். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, இகர ஈகார வரிசைகள் 36, உகர ஊகார வரிசைகள் 36 என 103 வடிவங்களை வரைந்து, துணைக்குறிகளையும் கிரந்த எழுத்துகளையும் சேர்த்தால் அடிப்படை முடிந்தது. இகரத்தின் மேல்விலங்கை, அதாவது கி, டி போன்றவற்றில் மேலே வளையும் குறியை, தனிக்குறியாக ஒட்டிவிடலாமே என்று சிலர் மறுக்கக்கூடும். நேர்த்தியான அச்செழுத்துக்கு அது பொருந்தும். பிரஷ் எழுத்தில் ஒட்டிய இடம் கண்ணை உறுத்தும்.

உழைப்பு மிகுதியாகத் தேவைப்படுவது உகர வரிசைக்குத்தான். ஙு, சு, பு, யு, வு ஆகியவை கீழே கோடிறங்குபவை. ஞு, ணு, து, நு, லு, று, னு ஆகியவை கீழே வளைந்து வலப்பக்கம் ஏறுபவை. கு, டு, மு, ரு, ழு, ளு ஆகியவை ஒவ்வொன்றும் தத்தம் போக்கில் சுழல்பவை. ஒரு குடும்பத்தின் இழுப்பை மற்றொன்றில் நகலெடுத்தால் கையின் ஓட்டம் அங்கேயே அறுந்துவிடும்.

அடுத்தது இரட்டிப்பு. அப்பா, பட்டு, வெற்றி என்று ஒரே மெய் அடுத்தடுத்து வருவது தமிழின் இயல்பு. பிரஷ் காய்ந்து விட்ட அதே கீறல் இரண்டு எழுத்திலும் அச்சாகத் தெரிந்தால், கையெழுத்து என்று எவரும் நம்பமாட்டார். ஆகவே அகர எழுத்தின்மேல் புள்ளியை ஏற்றாமல், புள்ளி மெய்கள் 18-ஐயும் தனியே எழுதச் சொல்வேன். மூன்று சுழி ண-வில் சுழிகள் சிறிய அளவில் மைக்கட்டியாக அடைத்துக்கொள்ளும் என்பதால், அங்கே மட்டும் கோட்டை மெலிதாக்கிச் சுழியைத் திறந்துவிட வேண்டும். பலகை எழுதுவோர் இதைக் கையிலேயே செய்வார்கள்.

வாடிக்கையாளர் ஒருவர், பிரெஞ்சு வடிவமைப்பாளர் ரோஜர் எக்ஸ்கோஃபோன் வடித்து 1953-இல் வெளியான, கையெழுத்துப் பாணி ஆங்கில எழுத்துருவான மிஸ்ட்ரலைக் காட்டி, அதை வெட்டி ஒட்டித் தமிழாக்கித் தரும்படி என்னை வற்புறுத்தினார். மிஸ்ட்ரலுக்கு உயிரே, ஓர் எழுத்தை அடுத்த எழுத்தோடு கோர்த்துச் செல்லும் கோடுதான். தமிழில் எழுத்துகள் தனித்தனியே நிற்பவை. வேகத்தை ஒவ்வோர் எழுத்துக்குள்ளும்தான் காட்ட வேண்டும். அதை விளக்கியும் அவர் ஏற்காதது இன்றும் வருத்தமே.

ஸ்கேன் செய்வதில் தவறில்லை. ஆனால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் தானாக எடுத்துத் தரும் வெளிக்கோட்டில், கோட்டின் வளைவைத் தீர்மானிக்கும் புள்ளிகள் தேவைக்கு மேல் குவிந்திருக்கும். அதை அடியில் வைத்து, வளைவின் உச்சிகளில் மட்டும் புள்ளியிட்டு ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு உருவாக்கும் மென்பொருளில் மீண்டும் வரையுங்கள். முழுவதையும் முடிக்கும்வரை காத்திராமல், ப, ட, க, ண, ழு, டி ஆகியவை கிடைத்ததுமே தாளில் சிறிதாகவும் பெரிதாகவும் அச்சிட்டுப் பார்த்துவிடுங்கள்.