கை ஓடுகிறது, கண் நின்றுவிட்டது

கேள்வி: ஓவியக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். முதல் இரண்டு ஆண்டும் ராத்திரி பகல் பார்க்காமல் வரைந்தேன். இப்போது ஆறு மாதமாக எதை வரைந்தாலும் அலுப்பு. கை மட்டும் பழக்கத்தில் ஓடுகிறது. கொச்சியில் நடக்கும் பெரிய கலைக் கண்காட்சியான கொச்சி பியனாலேவைப் பார்க்க நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். அங்கெல்லாம் கயிறு, குழாய், வீடியோ என்று வைத்திருப்பார்களாம். எனக்கு அது எதுவும் புரியாது. பார்த்துவிட்டு வந்து காப்பி அடிக்க ஆரம்பித்துவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது. போகலாமா ஐயா?
- ஒரு மாணவர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: கட்டாயம் போய் வாருங்கள் தம்பி.

கை மட்டும் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நிலைமை எனக்கு நன்றாகத் தெரியும். 2014-இல் நான் பத்திரிகைக் கதைகளுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தேன். கதையை முழுதாகப் படிப்பதற்குள் படம் முடிந்துவிடும். அவ்வளவு பழக்கம். ஒரு முகத்தை நின்று பார்த்து வரைந்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தபோது பதில் வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஒரு நண்பர் என்னைக் கொச்சி பியனாலேவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

எர்ணாகுளத்தில் படகு பிடித்து ஃபோர்ட் கொச்சியில் இறங்கினோம். பியனாலே நடந்த ஆஸ்பின்வால் ஹவுஸ் என்பது கடலோரமாக இருக்கும் பழைய வணிகக் கிடங்கு. ஒரு காலத்தில் மிளகும் கயிறும் கப்பலேறிய இடம். அங்கே சிற்பி அனிஷ் கபூரின் ‘டிசென்ஷன்’ என்ற படைப்பு இருந்தது. தரையில் வட்டமாக ஒரு பள்ளம், அதற்குள் கறுத்த தண்ணீர் ஓயாமல் சுழன்று நடுவில் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கீழே மோட்டார் ஓடுகிறது என்று தெரியும். தெரிந்தும் கால் தானாக ஓர் அடி பின்னால் போனது. ‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்கவே எனக்குத் தோன்றவில்லை. புரியாது என்கிறீர்கள் அல்லவா? முதலில் உடம்புக்குப் புரியட்டும், தம்பி. சுவரில் ஒட்டியிருக்கும் விளக்கத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

ஆனால் என்னை மாற்றியது வேறொன்று. பெனிதா பெர்சியாள் என்ற சிற்பியின் படைப்புகள். திருவண்ணாமலையில் பிறந்தவர், சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். கிறிஸ்தவ உருவங்களைச் செய்திருந்தார். சிற்பத்தைக் கண் சரியாகப் பார்ப்பதற்குள் வாசனை வந்து சேர்ந்துவிட்டது. குங்கிலியம், மரப்பட்டைத் தூள், பட்டை, கிராம்பு எல்லாம் சேர்த்துப் பிசைந்து வார்த்த உருவங்கள் அவை. நம் நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தருகிற சரக்கு! வெள்ளிக்கிழமைதோறும் வீட்டில் சாம்பிராணி போடுகிற நானும் அந்த வாசனையில்தான் வளர்ந்தேன். அது சிற்பமாக முடியும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

ஊருக்கு வந்த உடனே எதுவும் நடந்துவிடவில்லை. இரண்டு மாதம் சும்மாதான் இருந்தேன். பிறகு ஒருநாள் எங்கள் பழைய வீட்டுச் சமையலறையில், அம்மா பால் கணக்குக்காகக் கரித்துண்டால் சுவரில் போட்டிருந்த கோடுகள் கண்ணில் பட்டன. நாளுக்கு ஒரு கோடு. சில கோடுகள் அழுத்தமாக, சில அவசரமாக, பால் வாங்காத நாளுக்குச் சின்ன இடைவெளி. சின்ன வயதிலிருந்து பார்த்த சுவர்தான். அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். ஒரு தாளை எடுத்துவந்து உட்கார்ந்து அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாக வரைந்தேன். என் கை மறுபடி மெதுவானது அங்கேதான்.

காப்பி அடித்துவிடுவோமோ என்ற பயத்துக்கு வருகிறேன். நம் சென்னையின் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1954-இல் ஐரோப்பா போய் அங்கிருந்த நவீன ஓவியங்களைப் பார்த்தவர். அவருக்கே உரிய ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசை 1963-இல்தான் தொடங்குகிறது. அதில் இருப்பவை ஜாதகக் கட்டங்கள், எண்கள், படிக்க முடியாத எழுத்துகள். எல்லாமே நம் பக்கத்துப் பொருள்கள். நடுவில் ஒன்பது ஆண்டுகள்! பார்த்தது உள்ளே ஊற அவ்வளவு காலம் ஆகலாம். அதுவரை உங்கள் படத்தில் யாருடைய சாயலாவது தெரிந்தால் தெரியட்டும், படிக்கிற வயதில் அது குற்றமில்லை. எதையும் பார்க்காமல் தன் பழைய படத்தையே திரும்பத் திரும்பக் காப்பி அடிப்பதுதான் எனக்குக் கவலை. இப்போது நீங்கள் செய்துகொண்டிருப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போனால் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். பத்து இடத்தில் நடக்கும், கால் வலிதான் மிஞ்சும். காலையில் வேகமாக ஒரு சுற்று சுற்றுங்கள், மத்தியானம் உங்களை விடாமல் இழுக்கிற மூன்றே படைப்புகளுக்குத் திரும்புங்கள். போன் பைக்குள் இருக்கட்டும். சின்ன நோட்டில் வரைந்து பாருங்கள்: எதனால் செய்தது, எப்படி நிற்கிறது, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது. ஸ்டூடன்ட்ஸ் பியனாலேவை மட்டும் விட்டுவிடாதீர்கள். நாடெங்கும் உள்ள ஓவியக் கல்லூரிகளிலிருந்து உங்கள் வயதுப் பிள்ளைகள் வைத்திருப்பார்கள். கூச்சப்படாமல் பேச்சுக் கொடுங்கள். அவர்களில் பாதிப் பேருக்கு உங்களுடைய இதே அலுப்பு வந்து போயிருக்கும்.

கொச்சி போகக் கையில் காசு இல்லையென்றால், சென்னை வரும்போது ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கிச் சோழமண்டலத்தைப் பாருங்கள். 1966-இல் பணிக்கரும் இளம் ஓவியர்களும் சேர்ந்து உருவாக்கிய ஓவியர் கிராமம் அது. மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்றுப் பிழைத்துக்கொண்டே படமும் வரைந்தார்கள். அவர்கள் படங்களை அங்கேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் கலைக்கூடம் இருக்கிறது, அங்கேயும் எட்டிப் பாருங்கள்.

திரும்பி வந்ததும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். எது பிடித்தது, எது புரிந்தது என்றெல்லாம் எழுத வேண்டாம். எதன் முன்னால் அதிக நேரம் நின்றீர்கள், அதை மட்டும் எழுதுங்கள்.